மதுக்கரை மலைக்கு ஒரு நாலு சக்கர வண்டி

நியூசிலாந்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது நாகர்கோவில். கோயமுத்தூரில் எனக்குச் சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. இருந்தும் தொண்ணூறுகளின் நடுவே ஒரு தை மாதம், விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், அம்மா வைத்த மீன் குழம்பைக்கூட நிதானமாகச் சாப்பிடாமல் கோவைக்குப் பஸ் ஏறினேன். ஒரு வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அவ்வளவு பரபரப்பு இருந்ததில்லை. என் மனைவி தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

வண்டி என்றால் காரோ ஜீப்போ இல்லை. நியூசிலாந்துப் பண்ணைகளில் அதை 'குவாட்' என்பார்கள். பைக்குக்கு இருப்பது போன்ற ஹாண்டில்பார், கால் இருபுறமும் போட்டு உட்காரும் சீட், கீழே பூசணிக்காய் போல உப்பிய நாலு சக்கரம். நாலையும் இஞ்சின் இழுக்கும். முன்னாலும் பின்னாலும் தீவன மூட்டை கட்டக் கம்பித் தட்டு உண்டு. சேறு, மணல், மேடு, பாறை, எதிலும் ஏறும். கன்று போட முடியாமல் தவிக்கிற மாட்டைப் பார்க்க மழையில் மலைச்சரிவு ஏறிப் போக எனக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. விடுமுறை நாளில் அதிலேயே காட்டுப் பாதையில் சும்மா சுற்றவும் போவோம். அங்கே கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே, 'வேலைக்கா, சுற்றவா?' என்பதுதான்.

கோவை நண்பர் ஜெகநாதனை இந்த வண்டிதான் எனக்குப் பழக்கம் செய்து வைத்தது. துடியலூரில் பம்ப் செட் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். முந்தைய வருடம் எங்கள் பக்கத்து விவசாயக் கண்காட்சிக்கு வந்திருந்தார். தமிழ் முகத்தைக் கண்டதும் வந்து ஒட்டிக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாம்பார் போட்டு, என் குவாட்டை ஓட்டக் கொடுத்தேன். ஐம்பது வயது மனிதர் ஆட்டு மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, இறங்கியதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏனுங்க, இதக் கழட்டிப் பார்க்கலாமுங்களா?"

சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர்தான் நாகர்கோவிலுக்குப் போன் செய்தார். காற்றாலைக்கு இடம் பார்க்க வந்த ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி, வேலை முடிந்து போகும்போது இரண்டு குவாட்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறதாம். அவிநாசியில் ஒருவர் அவற்றை வாங்கி வைத்திருக்கிறாராம். "எது நல்லதுன்னு நீங்க வந்து ஒரு பார்வ பார்த்துச் சொல்லீட்டாப் போதுமுங்க." அதற்கு மேல் என்னை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காலையில், தாராபுரம் தாண்டியதும் பஸ் டயர் பஞ்சரானது. எங்கள் ஊர்க் கண்டக்டராக இருந்தால் 'எறங்கு, எறங்கு' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பார். இவர் ஒவ்வொரு சீட்டாக வந்து, "சித்தெ எறங்கி நிக்கறீங்களாங்க, டயரு மாத்திப்போடறோமுங்க" என்றார். தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கும் அதே மரியாதை. மாற்று டயரிலும் காற்று இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. பக்கத்துப் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம்.

துடியலூர் வீட்டில் ஜெகநாதனின் மனைவி ருக்மணி வாசலுக்கே வந்து வரவேற்றார். இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்து நடந்தார். இரண்டு வருடத்துக்கு முன் மொபெட்டிலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கி, தகடு வைத்திருக்கிறார்கள். பாதம் மேலும் கீழும் அசையாது. சமதரையில் நடக்கலாம், மேடு ஏற முடியாது. இதையெல்லாம் அவரே சந்தகை பரிமாறிக்கொண்டு, வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார். சந்தகை நம் இடியாப்பத்துக்கு அக்கா முறை. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கொஞ்சம், எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தது கொஞ்சம் என்று எனக்கு இலை நிறைந்துகொண்டே இருந்தது. போதும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மேடு ஏற முடியாததுதான் அந்த வீட்டின் பிரச்சினை. மதுக்கரைப் பக்கம் மலையடிவாரத்தில் ருக்மணியின் அப்பா அவருக்குக் கொடுத்த தோட்டம் இருக்கிறது. கீழே தென்னை. அதற்கும் மேலே, சரிவில், அவர் தன் கையாலேயே வைத்து வளர்த்த சப்போட்டாவும் நெல்லியும். மேல்தோட்டம் என்பார்கள். ஜீப் போகாத பாறைப் பாதை. விழுந்த நாளிலிருந்து அவர் அங்கே போகவில்லை. ஆளில்லாத தோட்டம் என்று தெரிந்ததும் பக்கத்துத் தோட்டக்காரர் விலைக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பொங்கல் கழித்துச் சொல்வதாக ஜெகநாதன் இழுத்து வைத்திருந்தார். நான் போனபோது பொங்கல் கழிந்துவிட்டிருந்தது.

"நல்ல வண்டியா அமைஞ்சா நம்மளே வெச்சுப் பார்த்துக்கலாமுங்க. இல்லீன்னா கொடுத்துபோட வேண்டியதுதானுங்க" என்றார் ஜெகநாதன். ருக்மணி என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த அம்மாளை மேலே கொண்டுபோய்ச் சேர்க்காமல் இந்த ஊரைவிட்டுப் போவதில்லை என்று. "கவலையே படாதீங்க. பின்னாடி உட்கார நீளமான சீட்டா பார்த்து எடுத்திடலாம். ஜெகநாதன் ஓட்டட்டும், நீங்க ஜம்முன்னு பின்னாடி உட்கார்ந்து போங்க" என்றேன்.

"சரிங்கண்ணா" என்றார் ருக்மணி. கொஞ்சம் பொறுத்து, "அதுல ரிவர்ஸ் எப்படிங்கண்ணா போடறது?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஏன் கேட்டார் என்று யோசிக்கவில்லை.

இரண்டாம் நாள் அவிநாசி. கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகைக்குள் நிற்கும் தேரை எட்டிப் பார்த்துவிட்டு, பொன்னுசாமியின் குடோனுக்குப் போனோம். பழைய இயந்திரம் வாங்கி விற்பவர். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் ஸ்பேனர். பழைய நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே தார்ப்பாயை விலக்கினார். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. 

சிவப்பு, நான் ஓட்டும் அதே ரகம். இடது பாதத்தால் கியர் மாற்ற வேண்டும். இஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு இரும்புத் தண்டு வழியாகச் சக்தி போகும், உறுதியான சாதி. பச்சையில் கியரே கிடையாது. பெல்ட்டில் ஓடும், கட்டை விரலால் அழுத்தினால் போதும். பொம்மை மாதிரி சுலபம். இரண்டையும் குடோன் மைதானத்தில் ஓட்டிக் காட்டினேன். ஓட்டிக் காட்டினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் ஆசை தீரச் சுற்றினேன். எதிரே இருந்த விசைத்தறிக் கூடத்தில் தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "இதென்னுங்க, நாலு கால்ல நிக்கற பைக்கு" என்றார் ஒருவர். "உழுவுமுங்களா?" என்றார் இன்னொருவர். "பால் கேன் எத்தனை புடிக்குமுங்க?" என்று மூன்றாமவர் பின்தட்டை அளந்து பார்த்தார். சுற்றுவதற்கென்று ஒரு வண்டி இருக்க முடியும் என்பதே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வேலை செய்யாத இயந்திரத்துக்கு அந்த ஊரில் இடமில்லை போலிருக்கிறது.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாருங்க. புடிச்சத வெச்சுக்கிட்டு இன்னொண்ணத் திருப்பி உட்டுப்போடுங்க. அவசரமில்லீங்க" என்றார் பொன்னுசாமி. கையெழுத்து இல்லை, முன்பணம் இல்லை. நியூசிலாந்தில் சோதனை ஓட்டத்துக்கு ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் சாவி தருவார்கள். ஜெகநாதனும் பொன்னுசாமியும் அதற்கு முன் இரண்டொரு தடவைதான் சந்தித்திருக்கிறார்களாம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்பது அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் இரண்டு குவாட்களையும் ஒரு டெம்போவில் ஏற்றி மதுக்கரைக்குப் போனோம். நாங்கள் காரில் பின்னால். சிமெண்டு ஆலைத் தூசி படிந்த மரங்களைத் தாண்டியதும் திடீரென்று மலை எதிரே வந்து நின்றது. தென்னந்தோப்புக்கும் மேல்தோட்டப் பாதைக்கும் நடுவே ஒரு பள்ளம். கோவைக்காரர்களுக்குப் பள்ளம் என்றால் ஓடை. முழங்கால் தண்ணீரும் அதன் இருபுறமும் வெள்ளை மணலும். டெம்போ டிரைவர், "இதெல்லாம் எம்மாத்தரங்க" என்று வேகமாக இறக்கினார். தண்ணீரைத் தாண்டி அக்கரை மணலில் பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. அவர் மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழே போனது.

ஜெகநாதன் தலையில் கை வைத்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. பலகையைச் சாய்த்துச் சிவப்பு குவாட்டைப் பின்பக்கமாக இறக்கி, சுற்றி டெம்போவுக்கு முன்னால் கொண்டுவந்து கயிற்றைக் கட்டினேன். நாலு சக்கரமும் மணலைக் கவ்வ, முதல் கியரில் மெதுவாக இழுத்தேன். தன்னைச் சுமந்து வந்த டெம்போவைச் சிவப்பு வண்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. டிரைவர் இறங்கி வந்து குவாட்டின் முன்பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை என்று தோன்றியது.

பச்சைக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டுமல்லவா. அதைத் தண்ணீரில் இறக்கினேன். பாதி ஓடை வரை ராஜா மாதிரி வந்தது. அப்புறம் பெல்ட்டில் தண்ணீர் ஏறி வழுக்க ஆரம்பித்தது. இஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்ற மாட்டேனென்கிறது. நாலு பேர் பேன்ட்டை மடித்துவிட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் இந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வரும் என்றார் டிரைவர்.

"தீர்ந்தது. சிவப்புதான்" என்றேன். தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ருக்மணியிடம் அந்த வண்டியிலேயே போய்ச் சிவப்பின் பெருமைகளை வரிசையாக எடுத்துவிட்டேன். அவர் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடது பக்கம் குனிந்து கியர் பெடலைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.

"நல்லதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததாங்க."

மதியம் அங்கேயே கட்டுச்சோறு. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து நெய் விட்ட சோறு, கோவைக்காரர்கள் அரிசிம்பருப்பு என்பார்கள். பள்ளத்துத் தண்ணீர் சலசலக்க, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெற்றி பெற்றவனின் பசி.

சாயங்காலம் வண்டிகளைப் பட்டறையில் இறக்கிவிட்டு வீடு திரும்பிச் சாப்பிடும்போது கணவனும் மனைவியும் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் அவர்களுக்குத் தெலுங்குதான். வெளியிலும் என்னிடமும் கொங்குத் தமிழ். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பேச்சு நடுவே இருவரும் என்னைப் பார்த்ததையும், ருக்மணி லேசாகச் சிரித்ததையும் வைத்து, நம் தேர்வைத்தான் சிலாகிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் எழுந்தபோது ஜெகநாதன் வீட்டில் இல்லை. பட்டறைக்குப் போனேன். 

சிவப்பு வண்டி கிட்டத்தட்ட இல்லை. சாக்கு விரித்து அதன் மேல் சீட், தட்டு, பெட்ரோல் டேங்க், இடது பக்க மூடி, போல்ட்டுகள், நட்டுகள் எல்லாம் அறுவை சிகிச்சை மேசை மாதிரி வரிசையாக இருந்தன. நடுவே ஜெகநாதன் கை முழுக்கக் கிரீஸோடு, முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஜெகநாதன் இது? இன்னும் வாங்கவே இல்லையே. அடுத்தவர் வண்டி."

"ஆமாங்க. வாங்கறதுக்கு முன்னாடி கழட்டிப் பார்க்கோணுமல்லங்க. நீங்கதான் போன வருஷம் உட மாட்டேன்னுட்டீங்க" என்றார். அந்த ஊரில் ஒரு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஓட்டிப் பார்ப்பது இல்லையாம். கழற்றிப் பார்ப்பதாம். எந்தப் பாகம் தேய்ந்தால் தன் பட்டறையிலேயே கடைந்து போட முடியும், எது முடியாது என்று பார்த்துவிட்டுத்தான் பிடித்திருக்கிறதா என்றே சொல்வார்களாம். இரவல் வாங்கின வண்டியைக் கழற்றிப் போடுகிற துணிச்சல் உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வராது.

"சரி, ஆனால் டேங்க்கை எதற்குக் கழற்றினீர்கள்?"

அப்போதுதான் அவர் கையில் இருந்ததைப் பார்த்தேன். முழ நீளத்தில் வளைத்த இரும்புக் கம்பி. அடியில் கியர் பெடலைக் கவ்விப் பிடிக்க ஒரு பட்டை. தலையில் ஏதோ பழைய லேத்திலிருந்து எடுத்த கறுப்பு உருண்டை.

"கியரு கையில போடறதுக்குங்க. மேல இழுத்தா ஏறும், கீழ அழுத்துனா எறங்கும். டேங்க் ஓரமா வருதுங்க, அதான் கழட்டி எடம் பார்க்கறேன்."

"நீங்கள் ஏன் கையால் போட வேண்டும்?"

ஜெகநாதன் கம்பியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தார்.

"ஓட்டறது நானில்லீங்க. அவதான். எனக்குப் பட்டறையே சரியா இருக்குது, நான் எங்கீங்க தோட்டத்துக்குப் போறது? விழறதுக்கு முன்னாடி டிராக்டரே ஓட்டுவாளுங்க. ஒருத்தர் பின்னாடி உக்காந்துதான் போகோணும்னா அந்தத் தோட்டமே வேண்டாம்னு எப்பவோ சொல்லிப்போட்டா."

இடது பாதம். அசையாத பாதம். அதே பாதத்தால் கியர் போடும் வண்டியை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். தொழிலோ வைத்தியம். எந்த மாட்டின் எந்தக் கால் நொண்டுகிறது என்று வேலி ஓரத்தில் நின்றே சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நேற்று ராத்திரி தெலுங்கில் பேசினீர்களே, என்ன பேசினீர்கள்?"

ஜெகநாதன் சங்கடத்தோடு மொழிபெயர்த்தார். ருக்மணி சொன்னாராம்: 'இந்தக் கியரை என் காலால் போட முடியாது. ஆனால் மனுஷர் எவ்வளவு ஆசையாகச் சொல்கிறார், பாவம். எப்படி வேண்டாமென்று சொல்வது?' அதற்கு இவர் சொன்னாராம்: 'நீ பேசாமல் சாப்பிடு. காலையில் அவர் எழுவதற்குள் ஏதாவது செய்துவிடுகிறேன்.'

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடல் தாண்டி வந்தவரிடம் 'இது வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தை சொல்வதைவிட ஒரு வண்டியையே மாற்றிச் செய்வது இவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டுச் சாம்பாரில் உப்பு குறைந்தாலே பந்தியில் சத்தமாகச் சொல்லிவிடுவோம். நியூசிலாந்தில் இன்னும் மோசம், நன்றி என்று ஆரம்பித்து முகத்துக்கு நேரே மறுப்பார்கள்.

இந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பொன்னுசாமி. துடியலூர்ப் பக்கம் வேறு வேலையாக வந்தவர், அப்படியே வண்டியைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நான் அந்தச் சாக்குக்கு முன்னால் போய் நின்று மறைக்கப் பார்த்தேன்.

"ஏனுங்க, செவப்பு வண்டி எங்கீங்க?"

"இதானுங்க" என்றார் ஜெகநாதன், சாக்கைக் காட்டி.

 நியூசிலாந்தாக இருந்தால் இந்த இடத்தில் வக்கீல் வந்திருப்பார். பொன்னுசாமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். "பிஸ்டன் பக்கம் போகலையல்லங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. டீ வந்தது. குடித்துவிட்டுக் கம்பியைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"இது சித்தெ வெளிய வளையோணுமுங்க. இல்லீன்னா அம்மணி முட்டில இடிக்கும்" என்றார்.

"அம்மணி ஓட்டறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவிநாசில வெச்சே தெரியுமுங்க. வண்டி இருக்குதான்னு முதல்ல எனக்குப் போன் பண்ணினதே அவங்கதானுங்க."

ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நானும் சட்டைக் கையை மடித்துவிட்டேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, கம்பியைச் சூடாக்கி வளைத்து, மாட்டி, இடித்து, கழற்றி, மறுபடி வளைத்தோம். நான் இடது காலைக் கட்டையாக வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்ப்பேன். சரியில்லாதபோதெல்லாம் சொல்லிவிடுவேன். முதல் தடவையாகக் கோவைக்காரர்களிடம் 'சரியில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன பெருமை எனக்குத்தான். அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். எல்லாம் பூட்டி முடித்தபோது ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. ஜெகநாதன் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரன் ஒண்ணு சேர்த்தே போட்டுட்டானுங்க" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொன்னுசாமி கிளம்பும்போது திரும்பி வந்தார். "அந்தப் பச்சை வண்டி பெல்ட்டுக்குத் தண்ணி போகாம ஒரு மூடி செஞ்சு கொடுக்க முடியுமுங்களா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை, மதுக்கரை. ருக்மணி கல்லூரியில் படிக்கும் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து புடவையில் மட்டுமே மனைவியைப் பார்த்திருந்த ஜெகநாதன், கண் கொட்டாமல் பார்த்தார். பார்த்துவிட்டு, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று தேவையில்லாமல் நாலு டயரையும் அழுத்தினார்.

தென்னந்தோப்புக்குள் முதலில் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்க அதிகம் இருக்கவில்லை. ஒரு தடவை வண்டி குதித்து நின்றது. இரண்டாம் தடவை கறுப்பு உருண்டையைப் பிடித்து இழுத்தார், கியர் 'டக்' என்று விழுந்தது. தென்னைகளுக்கு இடையில் எட்டுப் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, எங்கள் முன்னால் வந்து நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"நான் பின்னாடி உக்காந்து வாரனே, முதல் தடவ" என்றார் ஜெகநாதன்.

"பின்னாடி உரம் கட்டியிருக்குதுங்களே" என்றார் ருக்மணி. உண்மையில் ஒரு மூட்டை உரம் கட்டியிருந்தது. அவரே காலையில் கட்டச் சொல்லியிருக்கிறார்.

வண்டி பள்ளத்தில் இறங்கித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறியது. பாறைப் பாதையில் திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் ஜெகநாதனின் இடது கை தானாக மேலும் கீழும் போனது. அவர் கவனிக்கவில்லை. மேலே சத்தம் நின்றது.

"சேர்ந்துட்டா" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ கத்த வேண்டும் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காத்திருந்தோம். இளநீர் குடித்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி சத்தம் கேட்டது, ஆனால் கீழே வரவில்லை. இன்னும் மேலே போனது. மேல்தோட்டத்துக்கு அப்பால் மாடு மேய்க்கும் தடம் தவிர ஒன்றும் இல்லை என்றார் ஜெகநாதன். சில நாள் யானை வரும் பாதை. சத்தம் தேய்ந்து காணாமல் போனது. அவர் எழுந்து பள்ளம் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். உரத்தை இறக்கியிருப்பாள், அங்கே என்ன வேலை, என்று தனக்குத் தானே பேசிக்கொண்டார். நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் பார்த்தேன். 

ஜெகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கியே விட்டார். அப்போதுதான் மேலே சத்தம் திரும்பி வந்தது. சிவப்பு வண்டி பாறைகளுக்கு இடையே தெரிந்து, மறைந்து, பள்ளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்த ஜெகநாதன் மேல் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வந்து நின்றது. ருக்மணியின் தலை முழுக்கச் செம்மண். பின்தட்டில் உரம் இல்லை, ஒரு கூடை சப்போட்டா இருந்தது.

"எங்க போனே?" என்றார் ஜெகநாதன், முழுக்க நனைந்து.

"உச்சி வரைக்கும் போனனுங்க. அங்கிருந்து பார்த்தா பாலக்காட்டுக் கணவாயே தெரியுது."

"அங்க என்ன வேலை?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா போனேன்."

'சும்மா'. ஐந்து நாளாக நான் அந்த ஊரில் கேட்காத வார்த்தை.  ருக்மணி சப்போட்டாக் கூடையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். வண்டியிலிருந்து இறங்கவில்லை. இஞ்சினை அணைக்கவும் இல்லை. கறுப்பு உருண்டையைத் தள்ளி, ரிவர்ஸ் எடுத்து, வண்டியை மறுபடி மலைப்பக்கம் திருப்பினார்.

ஜெகநாதனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "பக்கத்துத் தோட்டத்துக்காரரு சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்னாருங்க, மேல்தோட்டம் விஷயமா. அவருகிட்ட என்னன்னு சொல்றது?" என்று சத்தமாகக் கேட்டார்.

யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாத அந்த அம்மாள் ஒரு நிமிடம் யோசித்தார்.

"நான் ஊட்டுல இல்லீன்னு சொல்லிப்போடுங்க" என்றார். பிறகு கியரை மேலே இழுத்துவிட்டு மலையேறிப் போனார்.